6 அங்குலத் தொலைநோக்கிக்கு எவ்வளவு பெரிய நட்சத்திரப் பட்டியல் வேண்டும்?

கேள்வி: நான் மதுரை ஒத்தக்கடையில் இருக்கிறேன். 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். சிறுகோள்களைத் தேடிப் பிடிக்க ஆசை. ஆனால் கண்வில்லையில் தெரிகிற மங்கலான நட்சத்திரங்கள் பல திரையில் இல்லை. கூடுதல் பட்டியல்களை எல்லாம் இறக்கினால் லேப்டாப் தாங்குமா? நத்தம் பக்கம் போய்ப் பார்க்கும்போது நெட் கிடைக்காது.

பதில்: தாங்கும். ஆனால் எல்லாவற்றையும் இறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. எது வரை வேண்டும் என்பதை லேப்டாப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தொலைநோக்கியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நட்சத்திரத்தின் ஒளியளவு எண் கூடக்கூட அது மங்கல். வெறும் கண்ணுக்கு நல்ல இருட்டில் 6 வரை தெரியும். உங்கள் 6 அங்குல, அதாவது 150 மில்லிமீட்டர் கண்ணாடி, நத்தம் பக்கத்து இருட்டில், பழகிய கண்ணுக்கு 13ஐ ஒட்டிக் காட்டும். மாட்டுத்தாவணி வெளிச்சம் பரவுகிற உங்கள் மொட்டை மாடியில் 11 தாண்டினாலே பெரிய விஷயம். ஆக, 13 வரை சொல்லும் பட்டியல் இருந்தால் உங்கள் வேலை நடந்துவிடும்.

ஸ்டெல்லேரியத்தில் நட்சத்திரங்கள் ஒளியளவு வாரியாக 9 கோப்புகளாக இருக்கின்றன. முதல் நான்கு மென்பொருளோடு வந்துவிடும். அதில் 6 லட்சத்துக்கு மேல் நட்சத்திரங்கள் உண்டு, ஏறத்தாழ 10.5 ஒளியளவு வரை. உங்களுக்குத் திரையில் காணாமல் போவது அதற்கு அடுத்த கூட்டம்தான். எஃப்2 அழுத்தி அமைப்புச் சாளரத்தைத் திறந்து, கூடுதல் வசதிகள் உள்ள பக்கத்தில் அடுத்த இரண்டு கோப்புகளை மட்டும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 13ஐத் தாண்டிவிடும். கடைசி மூன்று கோப்புகள்தான் பெருங்கூட்டம். மொத்தப் பட்டியல் ஏறத்தாழ 20 கோடி நட்சத்திரங்கள், அதில் பெரும்பகுதி அந்த மூன்றில் இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட உங்கள் கண்வில்லை காட்டாது. பின்னால் கேமரா மாட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தால் அப்போது இறக்கலாம்.

20 கோடியையும் போட்டால்கூட லேப்டாப் ஏன் படுத்துவிடாது என்றால், மென்பொருள் அத்தனையையும் ஒரேயடியாக வாசிப்பதில்லை. வானக் கோளத்தை 20 முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்கு நான்காகத் திரும்பத் திரும்பப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற துண்டில் எந்த முக்கோணங்கள் விழுகின்றனவோ அவற்றை மட்டும் வரைகிறது. மங்கலான அடுக்குகள் நன்றாகப் பெரிதாக்கிய பிறகுதான் வெளியே வரும். இருந்தும் தனுசு ராசிப் பக்கம் பால்வீதிக்குள் போய்ப் பெரிதாக்கினால் பழைய லேப்டாப் கொஞ்சம் திணறத்தான் செய்யும். எஃப்4 சாளரத்தில் நட்சத்திரங்களுக்கு ஒளியளவு வரம்பு வைக்கலாம். 13 என்று வைத்துவிடுங்கள், சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

சரி, பட்டியல் வந்துவிட்டது, அப்புறமும் திரையும் கண்வில்லையும் பொருந்தவில்லை என்றால்? பெரும்பாலும் குற்றம் பட்டியலில் இருக்காது. டாப்சோனியன் படத்தைத் தலைகீழாகக் காட்டும். ஸ்டெல்லேரியத்தில் ஆக்குலர்ஸ் என்ற செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) இயக்கி உங்கள் கண்ணாடியின் விட்டம், குவியத் தூரம், கண்வில்லை அளவு எல்லாவற்றையும் கொடுங்கள். படத்தைக் கிடைவாட்டிலும் செங்குத்தாகவும் புரட்டும் தேர்வுகளையும் போடுங்கள். அதன்பின் அதே வட்டம், அதே திசை திரையில் வரும். இதை ஒரு முறை ஒழுங்காகச் செய்தால் தேடும் நேரம் பாதியாகும்.

சிறுகோள் விஷயத்தில் இன்னொன்று இதைவிட முக்கியம். நட்சத்திரங்கள் எத்தனை கோடி இருந்தாலும், சிறுகோளின் பாதைக் கணக்கு பழையதாக இருந்தால் அது தப்பான இடத்தில்தான் தெரியும். கோள்கள் இவற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் பாதை மெல்ல மாறும். சூரியக் குடும்பத் தொகுப்பி என்ற செருகுநிரல் சிறுகோள்களின் பாதைகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர் வெளியிடும் புதிய கணக்கை இறக்கித் தரும். நத்தம் கிளம்பும் முன் வீட்டில் நெட் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

நட்சத்திரங்களும் நகர்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் பட்டியல் 1991ஆம் ஆண்டு நிலையைச் சொல்வது, 1,18,218 நட்சத்திரங்கள். அதற்குப் பின் வந்த கயா செயற்கைக்கோளின் மூன்றாம் வெளியீடு 2016 நிலையைச் சொல்வது, சுமார் 180 கோடிப் புள்ளிகள். சர்ப்பதாரியில் உள்ள பர்னார்டு நட்சத்திரம் வருடத்துக்கு 10 ஆர்க் விநாடிக்கு மேல் ஓடுகிறது (ஒரு டிகிரி 60 ஆர்க் நிமிடம், ஒரு ஆர்க் நிமிடம் 60 ஆர்க் விநாடி). 1991க்கும் 2016க்கும் இடையிலேயே 4 ஆர்க் நிமிடத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது. ஒளியளவு 9.5, உங்கள் கண்ணாடிக்கு மாடியிலிருந்தே கிடைக்கும். நகர்வைச் சேர்த்துக் கணக்கிடாத மென்பொருள் அதைப் பழைய இடத்திலேயே காட்டும். புதிய மென்பொருள் எதைப் போட்டாலும் இந்த நட்சத்திரத்தை வைத்துச் சோதிப்பேன்.

பெரிய பட்டியல் என்றால் குறையே இல்லாதது என்றும் நம்ப வேண்டாம். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் யுஎஸ்என்ஓ பி1.0 பட்டியலில் 100 கோடிக்கு மேல் பொருள்கள் உண்டு, ஆனால் அது பழைய புகைப்படத் தகடுகளை வருடி எடுத்தது. பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி விழுந்த ஒளிக்கீற்றுகளும் அதில் நட்சத்திரங்களாகப் பதிந்துவிட்டன. கயாவுக்கு நேர்மாறான சிக்கல்: மிகப் பிரகாசமானவை அதன் கருவிக்கு அதிகம், அதனால்தான் மென்பொருள்கள் ஹிப்பார்கோஸையும் கூடவே வைத்திருக்கின்றன. நெரிசலான இடமும் அதற்குக் கஷ்டம். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தில் விடுபட்டிருந்த 5 லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை 2023 அக்டோபரில்தான் தனியாக வெளியிட்டார்கள். அந்தக் கொத்து மதுரையில் தெற்கே 32 டிகிரி உயரத்துக்கு ஏறி வரும். வைகாசி முன்னிரவில் அவசியம் பாருங்கள், ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் எழும்பவே எழும்பாது. ஆக, திரையில் இல்லாத புள்ளி ஒன்று கண்வில்லையில் தெரிந்தால் நோவா (திடீரென்று பிரகாசமாகும் நட்சத்திரம்) என்று உடனே முடிவு கட்டாமல், வேறொரு பட்டியலிலும் பாருங்கள்.

நண்பரிடமிருந்து பென்டிரைவில் கோப்புகளை வாங்கினால், இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கயா தரவுக்கு மாறிய பின் வந்த பதிப்புகளில் பழைய கோப்புகள் வேலை செய்யாது. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங் வழியாக ஸ்டெல்லேரியம் கோப்புறைக்குப் போனால் இறக்கியவை அங்கே இருக்கும்.