டிங்கர் கராஜிலிருந்து விமான ஹேங்கருக்கு: காசு கட்டுமுன் ஒரு தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியவை

களுவாஞ்சிகுடியில் டிங்கர் கராஜ் வைத்திருக்கும் ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகன் ஏ.எல்.லில் பொறியியல் தொழினுட்பம் எடுத்தவன், பெறுபேறு வரும்வரை கராஜில்தான் நிற்கிறான். விமானத்தின் உடல் தகடுகளைத் திருத்தும் வேலை படிக்கப் போகிறேன் என்கிறான். கொழும்பில் ஒரு கல்லூரி கேட்கும் தொகைக்குக் காணி உறுதியை ஈடு வைக்க வேண்டிவரும். "நான் இவ்வளவு காலமா செய்யிற தகர வேலையைத்தானே இவன் காசு கட்டிப் படிக்கப் போறான்?" என்று கேட்கிறார்.

ஐயா, கேள்வி நியாயமானதுதான். உங்கள் கராஜ் அவனுக்குக் கொடுத்த கை, விமானங்களை நிறுத்தித் திருத்தும் ஹேங்கரிலும் உதவும். ஆனால் கராஜ் கொடுத்த சில பழக்கங்களை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காசுக் கதை அப்புறம்.

காரின் கதவு நெளிந்தால் தட்டி நிமிர்த்துவீர்கள், கிழிந்தால் வெல்ட் பிடிப்பீர்கள், மேடு பள்ளத்துக்குப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. விமானத்தின் தோல் அழகுக்கு மூடிய தகடு அல்ல. உயரே ஏறும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தம் உடலை வெளியே தள்ளும், இறங்கும்போது தளரும். ஒவ்வொரு பறப்பிலும் வரும் இந்தச் சுமையை உள்ளே இருக்கும் சட்டங்களோடு சேர்ந்து தோலும் தாங்குகிறது. பெரும்பாலும் அது 2024 என்ற எண் கொண்ட, செம்பு கலந்த அலுமினியக் கலவை. அதன் பலம் வெப்பத்தால் பதப்படுத்தி வந்தது. வெல்ட் சூடு பட்டால் அந்தப் பலம் போய்விடும். அதனால்தான் எல்லாம் ரிவெட், அதாவது துளைக்குள் விட்டு மறுபக்கம் நசுக்கித் தலையாக்கும் ஆணி.

நெளிவையும் கண்டபடி தட்டி எடுக்க முடியாது. ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பக்கத்துச் சட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்த ரக விமானத்துக்கென்றே உள்ள கட்டமைப்புத் திருத்தக் கைநூலைத் திறக்க வேண்டும். அப்படியே விடலாமா, ஒட்டுத் தகடு போடுவதா, வெட்டி எடுப்பதா என்பதை அதுதான் சொல்லும்.

கணக்கையும் பாருங்கள். பொதுவான விதிப்படி, ரிவெட்டின் விட்டம் தகட்டின் தடிப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு மில்லிமீற்றர் அளவு தடித்த தகட்டுக்கு 1/8 அங்குல ரிவெட், அதாவது நம் ஆட்கள் சொல்லும் ஒரு நூல். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்குக் குறைந்தது இரண்டு நூல் இடம் வேண்டும். ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் குறைந்தது மூன்று நூல். அடித்து முடித்த பின் மறுபக்கத் தலை ஒன்றரை நூல் அகலம், அரை நூல் உயரம். தலை மெலிந்தாலும் கூடாது, பிதுங்கிப் பரந்தாலும் கூடாது. வெட்டிய மூலை கூராக இருந்தால் அங்கிருந்து வெடிப்பு ஓடும் என்பதால் வளைத்து வெட்டுவார்கள். தகட்டில் பென்சிலால் கோடு போடுவதுகூடத் தவறு. பென்சிலின் கரி அலுமினியத்தை அரிக்கும், கூரான ஊசியால் கீறினால் கீறலே வெடிப்பாகும். மென்முனை கொண்ட ஃபெல்ட் பேனாதான்.

"பலமாக இருக்கட்டுமே" என்று தடித்த தகடு வைப்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அதுவும் ஆபத்து. ஒட்டு மட்டும் விறைப்பாக இருந்தால் சுமை அங்கே திரண்டு, ஒட்டின் விளிம்பில் பழைய தோல் வெடிக்கும். வாலிலோ இறக்கையிலோ உள்ள அசையும் பாகங்களில் பாரம் கூடினால், வேகத்தில் அவை படபடத்து முறிந்துபோகவும் கூடும். பழைய பலம், பழைய வடிவம், முடிந்தவரை பழைய பாரம், இந்த மூன்றையும் திருப்பிக் கொடுப்பதுதான் திருத்தம்.

இதில் பிழை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். அதை மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1978இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு போயிங் 747 இறங்கும்போது வால் தரையில் உரசியது. பின்புறத்தில் காற்றழுத்தத்தை அடைத்து வைத்திருக்கும் தடுப்புச் சுவரின் கீழ்ப்பாதியைப் புதிதாக மாற்றினார்கள். இரண்டு பாதிகளையும் பொருத்தியபோது ஓரிடத்தில் துளைக்கும் ஓரத்துக்கும் இடையே போதிய தூரம் இல்லை. நான் மேலே சொன்ன அந்த ஓரத் தூரம்தான். சரிப்படுத்த, நடுவே ஒரே துண்டுத் தகட்டைச் செருகும்படி வரைபடம் வந்தது. செருகப்பட்டதோ இரண்டாக வெட்டிய தகடு. இரண்டு வரிசை ரிவெட் சுமக்க வேண்டியதை ஒரே வரிசை சுமந்தது. திருத்தியவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, விமானத்தைக் கட்டிய போயிங் நிறுவனத்தின் ஆட்களே. ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12ஆம் திகதி அந்தச் சுவர் பிளந்தது. ஏறியிருந்த 524 பேரில் 520 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் இந்த வேலைக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது கைத்திறனை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, தன் பிழையையும் மூத்தவர் பிழையையும் வாய்திறந்து சொல்வானா என்பதை. ரிவெட் அடிப்பது பெரும்பாலும் இருவர் வேலை. ஒருவர் வெளியே காற்றுத் துப்பாக்கியால் அடிப்பார், மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியை முண்டு கொடுப்பார். இரைச்சலில் பேச்சுக் கேட்காது, முகமும் தெரியாது. உள்ளே இருப்பவர் தட்டித்தான் சொல்ல வேண்டும். வழக்கமாக ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுப்போனது, கழற்று. உள்ளே இருப்பது உங்கள் மகன், வெளியே இருப்பது பத்து வருட அனுபவக்காரர் என்று வையுங்கள். அவன் மூன்று தட்டுத் தட்டுவானா? "அண்ணன் அடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று இரண்டோடு நிறுத்துவானா? மரியாதை என்று நாம் பிள்ளைகளுக்குப் பழக்கும் ஒன்று இந்த இடத்தில் குறுக்கே நிற்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதைச் சோதிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. இரண்டு அலுமினியத் துண்டுகளையும் நுட்பமாக அளக்கும் ஒரு வேனியரையும் கொடுத்து, மேலே சொன்ன கணக்கின்படி ஒட்டுப் போடச் சொல்லுங்கள். உங்கள் கராஜில் இருக்கும் பொப் ரிவெட் போதும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஒரு துளை விலகிப் போகும், எல்லாருக்கும் போகும். அவனாகவே வந்து காட்டினால் நல்ல அடையாளம். பெயின்டுக்கு அடியில் மறைத்தால் படிக்க அனுப்புவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி வைக்கிறானா என்றும் பாருங்கள். ஹேங்கரில் ஒரு ஸ்பானர் காணாமல் போனால், அது கிடைக்கும்வரை விமானத்தை விடமாட்டார்கள்.

ஆங்கிலம் இல்லாமல் முடியாது. கைநூல், பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. பராமரிப்புக் கைநூல்களை எழுதவென்றே எளிமையாக்கிய ஒரு தொழினுட்ப ஆங்கிலம் இருக்கிறது. பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900தான், பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். தினம் ஒரு பக்கம் வாசித்தால் பிடிபடும். பேச்சுப் போட்டி ஆங்கிலத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனிக் காசு. பெற்றோர் பலர் டிப்ளோமாவையும் லைசன்ஸையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். லைசன்ஸ் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, கல்லூரி அல்ல. உலகில் பல நாடுகள் பின்பற்றும் ஐரோப்பிய முறைப்படி ஒவ்வொரு பாடத்திலும் 75 புள்ளி எடுக்க வேண்டும். விமானத்தின் உடல், இயந்திர வேலைகளுக்குக் கையெழுத்துப் போட விடும் பி1 என்ற வகுப்பு லைசன்ஸுக்கு, அங்கீகரித்த பாடநெறி முடித்தவருக்கே பறக்கும் விமானங்களில் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். அது இல்லாதவருக்கு ஐந்து வருடம்வரை போகும். தகடு வேலைக்காரர் பலர் லைசன்ஸ் இல்லாமலே நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள், அவர்கள் வேலைக்குக் கையெழுத்துப் போடுபவர் லைசன்ஸ்காரர். ஆகவே மகன் தகட்டோடு நிற்கப் போகிறானா, கையெழுத்துப் போடும் இடம்வரை போகப் போகிறானா என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் செலவு வேறு.

காணி உறுதியைத் தொடாமல் போகும் வழிகளும் உண்டு. விமானப்படையில் சேர்ந்தால் படிப்புக்குக் காசு கட்ட வேண்டாம், ஒப்பந்த வருடங்களைத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் அதற்குச் சம்மதமா என்பது உங்கள் விடயம், நான் தலையிட மாட்டேன். இல்லையென்றால் மட்டக்களப்பிலோ சம்மாந்துறையிலோ உள்ள தொழினுட்பக் கல்லூரியில் உலோக வேலை சார்ந்த என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஒன்றை எடுக்கட்டும். விமான வேலை சரிவராவிட்டாலும் அது வீண்போகாது.

விமானங்கள் இப்போது பிளாஸ்டிக் இழையால் வருகின்றனவே என்று மகனின் நண்பன் சொன்னானாம். பாதி உண்மை. போயிங் 787இன் எடையில் ஏறக்குறைய பாதி அப்படிப்பட்ட கலப்புப் பொருள்தான். ஆனால் ஸ்ரீலங்கன் ஓட்டும் ஏர்பஸ் ஏ320, ஏ330 இரண்டின் உடலும் பெரும்பாலும் அலுமினியம். ஒரு விமானம் இருபது, முப்பது வருடம் பறக்கும். தகட்டைப் படித்துவிட்டுக் கலப்புப் பொருளையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். இன்னொன்று: 2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்டதால் வேலை ஊரிலேயே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரிய பராமரிப்பு வேலை கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும்தான். அதற்கு அப்பால் டுபாய், அபுதாபி, டோஹா. அங்கே கேட்பது வருடக் கணக்கான அனுபவம். படித்த கையோடு அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய அனுமதி இலக்கத்தைச் சரிபாருங்கள்.

அந்தக் கொழும்புக் கல்லூரியிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். அதிகாரசபையின் அங்கீகாரம் இந்தப் பாடநெறிக்கே உண்டா, எந்த வகுப்புக்கு? செய்முறைப் பயிற்சி உண்மையான விமானத்திலா, எந்த ஹேங்கரில்? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முதலாவது பதிலை அதிகாரசபையிடமே நேரில் உறுதிப்படுத்துங்கள். மூன்றுக்கும் கடிதத் தலைப்போடு பதில் வரும்வரை முற்பணம் கட்ட வேண்டாம், "கடைசி இடம் இருக்கு, இண்டைக்கே கட்டுங்க" என்று எத்தனை தரம் போன் வந்தாலும்.