அப்பாவுக்கு ஜிபிஎஸ் டிராக்கர்: சிம் இல்லாததை வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, டிமென்ஷியா. இரண்டு தடவை யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். ஒரு தடவை, நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் போய் நின்றுகொண்டிருந்தார். ஆன்லைனில் ‘சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், எங்கிருந்தாலும் காட்டும்’ என்று ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் 1,200 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். ஜிபிஎஸ் இருந்தால் அந்தக் கருவிக்குத் தன் இடம் தெரியும், அவ்வளவுதான். அதை உங்கள் போனுக்கு அனுப்ப சிம் வேண்டும். சிம் இல்லாமல் இந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் புளூடூத் டேக். பக்கத்தில் யாருடைய போனாவது இருந்தால்தான் அது இடத்தைக் காட்டும். டவுன் ஹால் ரோட்டில் காட்டலாம். ஆள் நடமாட்டமில்லாத கண்மாய்க் கரையில் கைவிட்டுவிடும். ஏர்டேக் என்ற புளூடூத் டேக்கைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே அது பொருட்களைத் தேடத்தான், ஆட்களைத் தேட அல்ல என்கிறது.

சிம் போடும் ஜிபிஎஸ் வாட்ச் உதவும். வாங்குமுன் 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். 2ஜி என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது. சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் பட்டால் தாங்குமா, வார் எளிதில் கழன்றுவிடுமா என்பதையும் பாருங்கள். அப்பாவுக்கு வாட்ச் கட்டும் பழக்கமே இல்லையென்றால் அரைமணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார். அப்போது எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. இடுப்பு பெல்ட்டிலோ சட்டையின் உள்பையிலோ வைக்கிற மாதிரி சிறிய கருவியாகப் பாருங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் செலவைக் கதவுக்குத்தான் செய்வேன். காந்தம் வைத்த கதவு அலாரம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு துண்டை நிலையிலும் இன்னொன்றைக் கதவிலும் ஒட்டிவிட்டால், கதவு திறந்ததும் கத்தும். அவர் தெருமுனை தாண்டுமுன் நீங்கள் எழுந்துவிடலாம். டிராக்கரோ அவர் போன பிறகு தேடத்தான் உதவும். அதற்காக அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழியிருக்காது. சட்டைக் காலரின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்துவையுங்கள். காப்பு போடுகிறவர் என்றால் அதிலேயே பொறித்துத் தருவார்கள். எதிர்வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அந்த சிம் இல்லாத டிராக்கரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு.

அப்பா மறுபடியும் காணாமல் போனால் உடனே அவசர உதவி எண்ணான 112-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சமீபத்திய போட்டோவும் அன்று என்ன உடுத்தியிருந்தார் என்ற விவரமும் கையில் இருக்கட்டும். ஒருவர் அந்தப் பழைய தெருவுக்கு ஓடட்டும், இன்னொருவர் பக்கத்துக் கிணறு, கண்மாய்ப் பக்கம் பார்க்கட்டும்.