போருக்குப் போய்வந்த அப்பா வீட்டில் வாயே திறப்பதில்லை. பழைய யூனிட் ஆட்கள் வந்தால் மட்டும் விடிய விடியப் பேசுகிறாரே, ஏன்?

கேள்வியைப் பார்த்ததும் என் மகள்தான் வேறு பெயரில் கேட்டிருக்கிறாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கும் இதே குறைதான்.

அப்பா எந்த ரெஜிமென்ட் என்று நீங்கள் சொல்லவில்லை. காலாட்படை என்றே வைத்துக்கொள்கிறேன். பீரங்கிப் படைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

நான் மதராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி. 1987 கடைசியில் அமைதிப் படையில் இலங்கைக்குப் போனேன். செக்‌ஷனில் பத்துப் பேர். எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கியில் சுடுபவன் நம்பர் ஒன். மேகசின் சுமப்பதும் சூடேறிய பேரலை மாற்றிக் கொடுப்பதும் நம்பர் டூ, அதாவது நான். நம்பர் ஒன் ஸ்ரீகாகுளத்துக்காரன். தமிழை எங்களிடம்தான் கற்றான். செக்‌ஷனில் பாதி திருநெல்வேலி என்பதால் 'ஏலே' போடாமல் அவனுக்குப் பேச்சே வராது.

ராத்திரி ஆம்புஷ் போட்டால், அதாவது எதிரி வரும் வழியில் பதுங்கிக் காத்திருந்தால், இருமக்கூட முடியாது. என் மணிக்கட்டிலிருந்து அவன் மணிக்கட்டுக்கு ஒரு சணல் கயிறு. ஒரு இழுப்பு இழுத்தால் 'முழிச்சிருக்கியா?' ரெண்டு இழுத்தால் 'ஆள் வருது.' பனங்காட்டுக்குள் கொசுக்கடியில் விடியும்வரை அந்தக் கயிறு ஒன்றுதான் பேச்சு. இப்போதும் தூக்கத்தில் இடது கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு படுக்கிறேனாம், வீட்டுக்காரி சொல்கிறாள்.

1988-ல் ஒருநாள் காலை, கான்வாய் வருமுன் சாலையைச் சோதித்துக்கொண்டு போகையில் கண்ணிவெடி. நம்பர் ஒன்னுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அடுத்த அரைமணி நேரத்தை எழுத மாட்டேன். உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒரு அரைமணி நேரம் இருக்கலாம்.

1990 மார்ச்சில் கடைசி அணியும் திரிகோணமலையில் கப்பலேறியது. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. லீவில் வந்தவனிடம் டீக்கடையில் முதல் கேள்வி: "தமிழனா இருந்துக்கிட்டுத் தமிழனையே சுட்டீங்களாமே?" கேட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஜனங்கள் பட்டதை மறுக்கிறவனும் இல்லை நான். தமிழ் தெரிந்தவன் என்று சோதனைக்குப் போன வீடுகளிலெல்லாம் என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். புதிதாக வந்திருந்த ஆபீசருக்கு அது புரியவில்லை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இதற்கும் சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

வீட்டில் சொன்னால் அந்தக் கிழவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யூனிட் ஆட்களிடம் எதையும் ஆரம்பிக்கவே வேண்டாம். அங்கே நாங்கள் வீரக்கதை பேசுவதாக நினைக்காதீர்கள். லங்கரில், அதாவது யூனிட் சமையற்கூடத்தில், பூரி திருடி மாட்டியவன் கதையையே முப்பது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்டதோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆனபின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருந்தேன். வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடி என்றார் மேனேஜர். ராணுவத்தில் தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது, அதுவும் கமிஷன் வாங்கிய அதிகாரிக்கு அடிப்பது. கார் கதவுக்கு இல்லை. மறுநாளே நின்றுவிட்டேன். அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

நம்பர் ஒன்னுக்குப் புனே ராணுவ செயற்கை உறுப்பு மையத்தில் கால் வைத்தார்கள். வருடா வருடம் யூனிட் தொடங்கிய நாளைக் கொண்டாடும் ரெய்சிங் டேக்கு ரயிலேறி வந்துவிடுவான். போன தடவை மகளையும் அழைத்துப் போயிருந்தேன். சீஃப் கெஸ்ட் உள்ளே நுழைந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து என் சட்டைக் கையை ரெண்டு இழுப்பு இழுத்தான். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் குனிந்துகொண்டோம்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.