படைவீரரை இழந்த குடும்பங்களுக்குச் சட்டம் என்ன தருகிறது?

கேள்வி: விடுப்பில் ஊருக்கு வரும் வழியில் விபத்தில் என் கணவர் இறந்தார். ‘மரணத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லை’ என்று சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும் சகோதரி. அந்தக் கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் ஊதியத்தில் 30 சதவீதம், சிறப்பு ஓய்வூதியம் 60 சதவீதம். வாழ்நாள் முழுக்க வரவேண்டிய பணம் இது. வீட்டுக்கு வந்தபின் சொந்த வேலையாகப் போகும்போது நடக்கும் விபத்து வேறு, பணியிடத்திலிருந்து ஊருக்கு வரும் பயணத்தில் நடப்பது வேறு. இந்தப் பயணத்தைப் பணியோடு சேர்த்தே பார்க்கச் சொல்லி நீங்கள் வாதிடலாம். அதனால் விடுப்புச் சான்று, பயணச்சீட்டு, விசாரணை அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதலில் துறைக்குள் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால், அந்த ஆணை வந்த 6 மாதத்துக்குள், படைவீரர் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. காலம் கடந்திருந்தாலும் ஓய்வூதிய வழக்கு அடியோடு போய்விடாது. ஆனால் நிலுவை பெரும்பாலும் கடைசி 3 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இறந்த என் கணவர் கல்யாணத்துக்கு முன் வருங்கால வைப்பு நிதிக்குத் தன் அம்மாவை, அதாவது என் மாமியாரை, நாமினியாகப் போட்டிருந்தார். எனக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான். அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். இதே மாதிரியான ஒரு வழக்கில் 2009ல் உச்ச நீதிமன்றம் மனைவிக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் மூவருமே முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதலில் பங்கு பெறுபவர்கள். குடும்ப ஓய்வூதியம் இதில் சேராது. அது விதிப்படி போகும், உயில் எழுதி மாற்ற முடியாது. இன்னொன்று, அந்த அம்மாவும் மகனைப் பறிகொடுத்தவர். நோட்டீஸ் அனுப்புமுன் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் பணியில் காணாமல் போனார். 7 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

அது இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிப்பதற்கான காலம். ஓய்வூதியத்துக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் பதிவாகி 6 மாதம் ஆனதும் அண்ணி விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

கொடுக்கவே வேண்டாம் அம்மா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தீர்ப்பாய வழக்குக்கும் பொருந்தும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கென்றே 2025ல் தனித் திட்டமும் வந்திருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.