நுரையீரல் தமனி அடைப்பில் சோடியம் குறைந்தால் என்ன பொருள்?

நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு முதல் பரிசோதனையிலேயே இரத்தத்தில் சோடியம் 128 (லிட்டருக்கு மில்லிமோல்) எனில் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். அடைப்பினால் இதயத்தின் வலது கீழறை திணறி, இதயம் வெளியேற்றும் இரத்தம் குறையும்போது, உடல் அதை நீரிழப்பாகக் கருதி வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் நீரைத் தேக்கிவைத்து, சோடியம் நீர்த்துப்போகிறது.

2010-இல் வெளியான பென்சில்வேனியா மாநில ஆய்வில், சேர்க்கையின்போது சோடியம் 135-க்கு மேலிருந்தவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 8.0 விழுக்காடு, 130 முதல் 135 வரை இருந்தவர்களில் 13.6, 130-க்கும் கீழே 28.5. இருப்பினும் சோடியக் குறைவு இங்கே பெரும்பாலும் நோயின் கடுமையைக் காட்டும் அடையாளமே. எண்ணை மட்டும் சரிசெய்வது அடைப்பைத் தீர்க்காது. புற்றுநோயும், இரத்த அழுத்தத்துக்கான தயசைடு மாத்திரையும்கூட சோடியத்தைக் குறைக்கக்கூடும். அபாயத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பெசி மதிப்பெண்ணிலோ (எனக்கு இது வியப்புதான்) சோடியத்துக்கு இடமே இல்லை.