ஹத்தாத் என்ற அரபுக் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்? இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

கொல்லர், அதாவது இரும்படிப்பவர். அரபியில் 'ஹதீத்' என்றால் இரும்பு. குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயரே அதுதான். அதிலிருந்து வந்த தொழில்பெயர் ஹத்தாத். தச்சருக்கு நஜ்ஜார், தையல்காரருக்கு ஹய்யாத் என்பதும் இதே அச்சுதான். பழைய சிரியாவின் புயல் தெய்வமான ஹதாதுடன் இதைச் சிலர் இணைப்பார்கள். அது சரியில்லை, இரண்டிலும் வரும் 'ஹ' வேறு வேறு எழுத்து.

கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் ஏது? அதனால் லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் தொடங்கி அல்ஜீரியா, துனிசியா வரை இந்தப் பெயர் பரவிக் கிடக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் மூவரிடமும் உண்டு. ஆகவே பெயரை வைத்து மதத்தை ஊகிக்காதீர்கள். எல்லோரும் ஒரே வம்சம் என்றும் நினைக்க வேண்டாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான், சிரியா மக்கள் தென் அமெரிக்காவுக்குக் குடிபெயர, பெயரும் கூடவே போனது. பிரேசிலில் 2023இல் நிதியமைச்சரான பெர்னாண்டோ ஹத்தாத் லெபனான் வழி வந்தவர்.

அப்புறம், நம் பள்ளிவாசல்களில் ஓதப்படும் ஹத்தாத் ராத்திபு என்ற இறைத்துதித் தொகுப்பு, ஏமனின் ஹள்ரமவ்த்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் தொகுத்தது. அவர் 1720இல் காலமானார்.