முழுசா உட்காரலாமா? ஸ்குவாட் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூருத் தமிழ் நண்பர்களிடம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். கேட்டவர்களை அவரவர் ஏரியா பெயரால் குறித்திருக்கிறேன். புரோட்டீன் பவுடர், தொப்பை, டயட் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். நான் பளு தூக்கச் சொல்லிக்கொடுப்பவள், டாக்டர் இல்லை. முட்டி வீங்கியிருந்தால், ஆபரேஷன் ஆகியிருந்தால், முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கோரமங்களா: அக்கா, ரொம்பக் கீழ போனா முட்டி போயிடும்னு எங்க ஜிம்ல சொல்றாங்க. தொடை தரைக்கு நேரா வந்ததும் நிறுத்திடணுமா?

இந்தப் பயத்துக்கு வயது அறுபதுக்கு மேல். 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் க்ளைன் என்பவர், ஆழமாக உட்கார்ந்து எழுந்தால் முட்டியின் தசைநார்கள் தளர்ந்துவிடும் என்று எழுதினார். பிறகு மற்றவர்கள் அளந்து பார்த்தபோது அப்படித் தளரவில்லை. ஆனால் பயம் மட்டும் ஜிம்மிலிருந்து ஜிம்முக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். முட்டியின் முன்பக்கக் குறுக்குத் தசைநாருக்கு இழுவிசை அதிகம் வருவது கொஞ்சமாக மடங்கும்போதுதான். கீழே போகப் போக அது குறைகிறது. முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 90 டிகிரி வரை ஏறும். அதற்கும் கீழே போனால் தொடைத் தசையின் நாரே எலும்பின் மேல் படிந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், பின்தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று ஒட்டித் தாங்கும். பாதியில் நின்று திரும்புகிறவர்தான் அழுத்தம் அதிகமான இடத்தில் வெடுக்கென்று திரும்புகிறார். பாதி தூரம்தானே என்று தோளில் சுமக்கும் பாரில் (இரும்புக் கம்பியில்) எடையையும் கூட்டிக்கொள்கிறார். அந்த எடை முதுகுத்தண்டில்தான் இறங்கும்.

நல்ல முட்டி இருந்தால் முழுசாக உட்காருங்கள். பவர்லிஃப்டிங் போட்டியில், இடுப்பு மடிப்பு முட்டியின் மேற்பரப்பைவிடக் கீழே வந்தால்தான் செல்லும். அந்த அளவு எல்லோருக்கும் போதும்.

ஒயிட்பீல்டு: வீடியோ அனுப்பியிருக்கேன். கீழ போனதும் குதிகால் எழும்புது. என்ன பண்றது?

மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், தம்பி. தொடை கிடைமட்டத்தைத் தொடும் முன்பே இடது ஷூவின் பின்பக்கம் தரையை விட்டு எழும்புகிறது. உடனே பார் கட்டைவிரல் பக்கம் நகர்கிறது, அதைச் சமாளிக்க முட்டி இரண்டும் உள்ளே விழுகின்றன. தப்பு முட்டியில் இல்லை, கணுக்காலில்.

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? இரண்டு காலையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்களுக்கு இடது கால் தொடாது என்றுதான் நினைக்கிறேன். அதையே தினமும் பயிற்சியாகச் செய்யுங்கள். கணுக்கால் நெகிழும் வரை குதிகாலுக்கு அடியில் இரண்டரைக் கிலோ பிளேட் ஒவ்வொன்று வையுங்கள், அல்லது பளு தூக்கும் ஷூ வாங்குங்கள். அதன் குதிகால் 2 செ.மீ. போல உயர்ந்து, கெட்டியாக இருக்கும். இப்போது போட்டிருக்கும் ஓடுகிற ஷூவைக் கழற்றுங்கள். மெத்தென்ற அடிப்பாகத்தில் பாதம் நிலையாக ஊன்றாது.

அதுவரை பார் வேண்டாம். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு இரண்டு கையாலும் பிடித்து உட்காருங்கள். எடை முன்னால் இருப்பதால் முதுகு தானாக நிமிரும். பாருக்குத் திரும்பும்போது, பாரை வைக்கும் ரேக்கில் சேஃப்டி பின் (பார் கீழே வந்தால் தாங்கிக்கொள்ளும் குறுக்குக் கம்பி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீடியோவில் பின் இல்லை.

மாரத்தஹள்ளி: எத்தனை கிலோவில் ஆரம்பிக்கலாம்?

வெறும் பாரிலிருந்து. அதுவே 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ.

இந்திராநகர்: கீழ போகும்போது இடுப்பு உள்ளே சுருண்டுக்குதே?

கொஞ்சம் சுருண்டால் பரவாயில்லை. நன்றாகவே சுருண்டால், அது தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் மேலே உங்கள் ஆழத்தை நிறுத்துங்கள். பாதங்களை இன்னும் அகட்டி, விரல்களை வெளியே திருப்பிப் பாருங்கள். தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்தில் நிற்பவரின் நிலை உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

ஜெயநகர்: முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே? நீங்க ஏன் சொல்லலை?

தாண்டட்டும். முழுசாக உட்கார்ந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தாண்டத்தான் செய்யும்.

ஜெயநகர், மறுபடியும்: அதெப்படி மேடம்? முட்டிக்குத்தானே பாரம் கூடும்?

கூடும், மறுக்கவில்லை. கேள்வி எவ்வளவு என்பதுதான். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முட்டி முன்னால் வராதபடி ஒரு பலகையை நிறுத்தி ஸ்குவாட் செய்ய வைத்தார்கள். முட்டியின் திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117க்கு இறங்கியது. இடுப்பில்? 28லிருந்து 302க்கு ஏறியது. முட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், இடுப்பில் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டீர்கள். உடல் முன்னால் சாய்ந்தால் கீழ்முதுகும் அதில் பங்கெடுக்கும்.

அல்சூர்: நானும் ஒண்ணு கேக்கறேன். எங்க தாத்தா கரடி மனையில, அதான் பயில்வான்களோட பயிற்சிக் கூடத்துல, பஸ்கி எடுப்பார். குதிகாலைத் தூக்கி, முட்டி எங்கேயோ முன்னால போயிருக்கும். அவருக்கு ஒண்ணும் ஆகலையே! நீங்க ஏன் குதிகாலை ஊன்றச் சொல்றீங்க?

ஜெயநகர் நண்பர் இதைப் படிக்கட்டும். பயில்வான்கள் தலைமுறை தலைமுறையாக விரல் நுனியில் ஊன்றி, கையை வீசி பஸ்கி எடுத்தவர்கள்தான். ஆனால் தாத்தா தோளில் பார் இருந்ததா? தன் உடம்பைத்தானே தூக்கினார். சின்ன வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகிய முட்டி அது. எடை ஏற்றும்போது விரல் நுனியில் நின்றால் ஊன்றும் இடம் பாதியாகக் குறைந்துவிடும், சறுக்கினால் பாரோடு விழுவீர்கள். பஸ்கியை விடாதீர்கள். பாரோடு செய்யும்போது குதிகாலை ஊன்றுங்கள்.

ஜெயநகர்: அப்போ எங்க ட்ரெய்னர் சொல்றது தப்பா?

முட்டி வலி இருப்பவருக்குச் சில வாரம் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் எப்போதும் என்றால் தப்பு. இதற்கு மேல் இந்த விவாதத்தை நீட்டவில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பி.டி.எம்.: ஆழமா போனா முட்டி தேயுமா?

முதல் பதில்.

சர்ஜாபூர் ரோடு: அக்கா, முட்டிக்கு ஆபத்து இல்லையே?

முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து. நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

மல்லேஸ்வரம்: எனக்கு 58 வயசு. உட்கார்ந்து எழுந்தா முட்டியில கடக் கடக்குன்னு சத்தம் வருது. நான் செய்யலாமாம்மா?

வலியும் வீக்கமும் இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அம்மா. உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். தொப்பென்று விழக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். அது சுலபமானதும் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறுங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குத்தவைத்து உட்காரலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டும் சோஃபாவும் வந்த பிறகு நம் வீடுகளில் பலர் தரைக்குப் போவதே இல்லை. போகாத இடத்துக்குத் திடீரென்று போனால் வலிக்கும், அதனால் படிப்படியாகப் போங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மூச்சை அடக்காதீர்கள், எழும்போது வெளியே விடுங்கள்.

ஹெப்பால்: ஸ்மித் மெஷின்ல பண்ணலாமா?

பண்ணலாம். ஆனால் அதில் பார் தண்டவாளம் போன்ற கம்பிகளில் மாட்டி ஓடும், அதனால் அதில் தூக்கும் எடையை வெளியே உள்ள பாரில் அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: எங்க பி.ஜி. கீழே இருக்கற ஜிம்ல பின் எல்லாம் கிடையாது. ஃப்ரெண்ட் பின்னாடி நிப்பான். போதாதா?

போதாது. தோளில் 80 கிலோவோடு நீங்கள் அடியில் மாட்டிக்கொண்டால், பழக்கமில்லாத ஒருவரால் அதைத் தூக்கி எடுக்க முடியாது. அவர் முதுகும் சேர்ந்து போகும். பின் வாங்கிப் போடச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். போட்டதும், நீங்கள் அடியில் உட்காரும்போது பார் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதை வைத்து, வெறும் பாரோடு ஒருமுறை வேண்டுமென்றே அதன் மேல் இறக்கிப் பழகுங்கள். அதுவரை டம்பெல் பிடித்தே ஸ்குவாட் செய்யுங்கள்.